ராசிக்கை வேண்டாத அறை

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமைச் செவிலியர் அவர்களே. வியாழன் தவறாமல் வந்து, குறைமாதக் குழந்தைகளின் கண்களுக்குக் காவல் நிற்கும் கண் மருத்துவர் அவர்களே. முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே. பின்வரிசையில் பிள்ளையைத் தோளில் தட்டித் தட்டித் தாமும் கண்ணயரும் தாய்மார்களே. மூன்றாவது வரிசையில், அப்பா என்ன உளறப் போகிறாரோ என்று தலையைக் குனிந்திருக்கும் என் மகளே. உங்கள் அனைவருக்கும் இந்தக் குழாய் வேலைக்காரனின் கனிந்த வணக்கம்.

மேடை எனக்குப் புதிது. இதுவரை நான் பேசியதெல்லாம் கழுவுதொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டுதான். படிப்பும் பெரிதில்லை. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். பாடத்தின் மேல் அவ்வளவு பற்று. அப்படிப்பட்டவனுக்கு 'ராசிக்கை அண்ணன்' என்று பட்டம் சூட்டிப் பாராட்டு விழா எடுக்கிறீர்கள். பாராட்டை வாங்குமுன் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பட்டத்தால் இதே மருத்துவமனையில் ஒரு பெண் தன் இடத்தை இழந்து நிற்கிறார். அந்த இடத்தை அவருக்குத் திருப்பித் தராமல் நான் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் வழி தவறி வளரலாம். காலத்தில் கண்டால் காப்பாற்றலாம். கண்டுகொள்ளாவிட்டால் கண்ணே போகலாம். அதைக் காண்பதற்கு இங்கே ஒரு கேமரா உண்டு. பழைய கேமரா, ஆனால் பழுதில்லாத கேமரா. அதோடு இணைந்திருந்த கணினி போன தையில் படுத்துவிட்டது. புதுக் கணினி வந்தது. புதுக் கணினியின் கண்ணில் பழைய கேமரா படவே இல்லை.

பார்க்க வந்த கம்பெனிக்காரர் சொன்னார்: "இதையெல்லாம் இப்ப யாருங்க வச்சிருக்கா? புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

நான் அதே அறையில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தேன்: "எம் பொண்ணு சரி பண்ணிடுவா."

என்னை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. என் மகளை நான் கேட்டேனா? அதுவும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று கெட்டது நுணலின் மகள்.

வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பிழை இருந்தால் மூன்றாவது வரிசை முறைக்கும். கேமரா படத்தைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கேபிளில், மின்னல் வேகத்தில் அனுப்புகிறது. அதற்கு அதிவேகத் தொடர்பாதை என்று பெயர். மறுமுனையில் கணினிக்குள் கெர்னல் என்று ஒருவர். அவர் வீட்டுக்காரர் மாதிரி. வீட்டுக்காரருக்குக் குழாய் வேலை தெரியுமா? தெரியாது. ஆள் வைப்பார். அந்த ஆளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். என் மகள் பொருத்தமான டிரைவரை அமர்த்தினாள். படம் வந்தது. செவிலியர்கள் கைதட்டினார்கள். நான் இன்னும் பலமாகத் தட்டினேன்.

திங்கள் காலை படம் வரவில்லை. மகளை ஃபோனில் அழைத்தேன்.

"அப்பா, பழைய டிரைவர் ஒண்ணும் உள்ள இருக்கு. ரெண்டும் ஒரே வேலைக்கு முந்திக்கிட்டு ஓடுது. பழசைத் தடுக்கணும். சொல்றதை அப்படியே டைப் பண்ணுங்க."

இதைச் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. ஒரே வீட்டுக்கு இரண்டு பிளம்பரை அழைத்துப் பாருங்கள். முதலில் நுழைந்தவன் மெயின் வால்வைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மற்றவன் வாசலில் நிற்பான். வேலை தெரிந்தவன் முந்தினால் தண்ணீர் வரும். தெரியாதவன் முந்தினால் வராது.

யார் யாரை உள்ளே விடக்கூடாது என்று கெர்னலுக்கு எழுதி வைக்கும் பட்டியலைத் திறந்தேன். மகள் சொன்ன வரியை எழுத்தெழுத்தாக அடித்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். படம் வந்தது.

"நான் சொன்ன மாதிரியே போட்டீங்களாப்பா?"

"நீ சொன்னதை விட அழகா போட்டேம்மா."

அந்த அழகு என்ன அழகு என்று கேட்கிறீர்களா? பொறுங்கள், வருகிறேன்.

அன்றிலிருந்து கேமரா ஒருநாள் வரும், ஒருநாள் வராது. காலையில் வராவிட்டால் இரண்டு முறை முயன்றுவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்ச் சேரும்போது மூன்றாவது முயற்சி நடக்கும், பெரும்பாலும் வந்துவிடும். "அண்ணன் கை ராசிக்கை" என்றார்கள். எனக்கும் இனித்தது. வீட்டில் என் கையில் காய்கறிப் பை தவிர எதையும் நம்பித் தராதவர்கள், இங்கே அந்தக் கைக்கு நாற்காலி போட்டார்கள்.

ஆனால் ஒன்றை யோசித்தோமா? ஒருவருக்கு ராசி என்று பட்டம் கட்டினால், அதற்கு எதிர்ப்பட்டம் இன்னொருவர் தலையில் தானாக விழும். காலை வேளையில் அந்த அறையைத் திறப்பவர் ஒரு செவிலியத் தங்கை. முதல் முறை ஸ்விட்சைப் போடுவது எப்போதும் அவர்தான். ஆகவே வராமல் போவதெல்லாம் அவர் கணக்கில் சேர்ந்தது. "அவ தொட்டா வராதுப்பா" என்று ஒரு வாய் சொன்னது. பத்து வாய் சொன்னது. மூன்றே வாரத்தில் அவரிடமிருந்து சாவியை வாங்கி, மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்க அனுப்பிவிட்டோம்.

பிறகு அந்த வியாழக்கிழமை. தையல் வேலை செய்யும் ஒரு தாய், ஒரு கிலோவும் சொச்சமும் எடையுள்ள பிள்ளை, கண்ணுக்கு மருந்து விட்டாயிற்று. கேமரா வரவில்லை. ராசிக்கை போட்டது, வரவில்லை. மறுபடி போட்டது, இல்லை. ஆறு முறை.

மருத்துவர் சொன்னார்: "நான் இன்னும் ஒரு மணி நேரம்தான் இருப்பேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்."

"ஆக்ஸிஜனோட ஆறு மணி நேரப் பயணம் தாங்குமா டாக்டர்?" என்றார் அந்தத் தாய்.

நான் வராந்தாவுக்கு ஓடி மகளை அழைத்தேன். அவள் பதறவில்லை. அந்தப் பட்டியலைத் திறந்து, நான் போட்ட வரியை அப்படியே படிக்கச் சொன்னாள்.

"முதல்ல நாலு கோடு, குறுக்கும் நெடுக்குமா, வேலி மாதிரி. அப்புறம்..."

"இருங்க. அந்த வேலியை யாருப்பா போட்டது?"

"நான்தாம்மா. அங்க எல்லா வரிக்கும் முன்னால அது இருந்துச்சு. நம்ம வரி மட்டும் மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்?"



"அப்பா, அந்தக் குறி போட்டா, இது மனுஷங்க படிக்கிற குறிப்பு, நீ படிக்காதேன்னு கம்ப்யூட்டருக்கு அர்த்தம். நீங்க எழுதினதை அது படிக்கவே இல்ல. இத்தனை நாளும் ரெண்டு டிரைவரும் முந்திக்கிட்டுத்தான் ஓடியிருக்கு; புதுசு முந்தின நாள்ல மட்டும் படம் வந்திருக்கு."

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று படித்தவன், அதைத்தான் செய்தேன். வேலியை எடுத்தேன். கணினி எழுந்தது. படம் வந்தது. வழி தவறிய குழாய்களை மருத்துவர் கண்டார். மறுநாளே மறுபடி வந்து லேசர் வைத்தார். அந்தப் பிள்ளை இன்று தன் அம்மாவின் மடியிலிருந்து இந்த ஒலிபெருக்கிக் கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அன்று எல்லாரும், "அண்ணன் கைதான்" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தொட்டிக்கு அடியிலிருந்து கேட்காமலே திறந்த வாய், திறக்க வேண்டிய நேரத்தில் நான்கு மாதம் மூடிக் கிடந்தது. அந்த நான்கு மாதமும் அந்தத் தங்கை பெட்டி அடுக்கினார்.

அன்பர்களே, கெட்டது கேமராவா? இல்லை. கெட்டது கணினியா? இல்லை. அவர் கையா? இல்லவே இல்லை. கெட்டது என் ஒரு வரி. அந்த வரி திருந்திய நாளிலிருந்து கேமரா ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். அந்த நாளுக்குப் பிறகு நான் வராத காலைகளிலும் அது வந்திருக்கிறது. திருந்திய வரியை என் மகள் எழுதி அனுப்பியதால், இதே கேமரா வைத்திருக்கும் இன்னும் மூன்று மருத்துவமனைகளில் விழித்திரை தெரிகிறது. அங்கெல்லாம் ராசிக்கை ஏது? அறிவு போதும். அக்கறை போதும். சரியாக எழுதிய ஒரு வரி போதும்.

தலைவர் அவர்களே, எனக்கென்று வைத்திருக்கும் பாராட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக ஒன்று தாருங்கள். கிடங்கு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாரே அந்தத் தங்கை, அவர் கையில் கண் அறைச் சாவியைத் தாருங்கள்.

தலைவர் எழுந்துவிட்டார்கள். சாவியையும் எடுத்துவிட்டார்கள். வாங்கம்மா, முன்னால வாங்க. வழி விடுங்க அவங்களுக்கு. நாளைக்கு வியாழக்கிழமை; முதல் ஸ்விட்சு நீங்கதான்.

என் பிழையைப் பொறுத்துக்கொண்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. பிள்ளைகளின் கண்கள் நலமாக இருக்கட்டும். வணக்கம்.