ரஞ்சினியின் கை

அன்றைக்குத் தேநீர் தந்தது ரஞ்சினியா, அவளுடைய சித்தப்பா கணேசலிங்கமா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. வயது போகப்போக இப்படியான விஷயங்கள் கலங்கிவிடுகின்றன. இஞ்சி போட்டிருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

கட்சியின் மெரிலேண்ட்ஸ் கிளைக்கு எங்கள் ஆட்களைச் சேர்த்தது நான்தான். அதை உங்களிடம் மறுக்கவில்லை. கூட்டங்களில் பின்வரிசையில் இருப்பார்கள். அங்கே பேசும் ஆங்கிலம் பலருக்கு விளங்காது. நான் கை உயர்த்தினால் உயர்த்துவார்கள்.

"தம்பி அரியம், ஆருக்கெண்டே தெரியாமல் தூக்கித் தூக்கி எனக்குத் தோள்மூட்டு நோகுது," என்பார் கணேசலிங்கம்.

"நோகட்டும் அண்ணை. மருமகன் வெளியில வரவேணுமெல்லோ?"

மருமகன் என்றது ரஞ்சினியின் கணவன் சுபாங்கனை. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தான். எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பப்படலாம். அமைச்சர் மனம் வைத்தால் நிறுத்தலாம். அமைச்சரிடம் பேசக்கூடியவர் எங்கள் எம்.பி. அந்தக் கைகளுக்காக அவர் எனக்குக் கடமைப்பட்டவர். என் மகள் வர்ஷாவுக்குத் தன் அலுவலகத்தில் வேலை கொடுத்திருந்தார். சுபாங்கனுக்காகவே ரஞ்சினியின் சொந்தக்காரர் எல்லோரும் கட்சியில் சேர்ந்தார்கள்.

நான் அதிகம் பேசுகிறவனில்லை, வாசிக்கிறவன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியலைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்தேன். வென்ற கட்சி தபால்காரன் வேலையைக்கூடத் தன் ஆளுக்கே கொடுக்குமாம். பேட்டைத் தலைவர்கள் குளிர்காலத்தில் விதவைகளுக்கு நிலக்கரி கொடுத்து வாக்கு வாங்குவார்களாம். அதில் ஒரு குறையைக் கண்டேன். நிலக்கரி எரிந்து தீர்ந்துவிடும். நம்பிக்கை தீராது.

அடுத்த தேர்தலுக்கு வேட்பாளரைக் கிளை உறுப்பினர்கள் கை உயர்த்தித் தெரிவுசெய்யும் கூட்டம் நெருங்கியபோது எம்.பி.யே தொலைபேசியில் கேட்டார், சுபாங்கனைப் பற்றி அமைச்சரிடம் இப்போதே பேசட்டுமா என்று. நான் யோசித்தேன். அவன் வெளியில் வந்தால் ரஞ்சினி அவனைக் கூட்டிக்கொண்டு மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் இருக்கும் தமக்கையிடம் போய்விடுவாள். பிறகு அவளுடைய ஆட்கள் எதற்குக் கூட்டத்துக்கு வரப்போகிறார்கள்?

"கூட்டம் முடியட்டும்," என்றேன்.

அதன் பிறகுதான் அந்தத் தேநீர்.

"அண்ணை, எம்.பி.யிட்டக் கதைச்சனீங்களோ?" என்று கேட்டாள் ரஞ்சினி.

"ஓம் தங்கச்சி. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

அது பொய்யென்று நான் நினைக்கவில்லை.

கூட்டத்துக்கு முன்பே சுபாங்கனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் இறங்கிய பிறகு அவனிடமிருந்து அழைப்பே வரவில்லை. எம்.பி. வேட்பாளராகத் தெரிவானார், தேர்தலிலும் வென்றார். வர்ஷாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கணேசலிங்கம் தோளுக்கு ஊசி போட்டுக்கொண்டார். சுபாங்கனைத் திருப்பி எடுக்கலாம் என்று நான் சொல்லியிருப்பதால் ரஞ்சினி இன்னும் கூட்டங்களுக்கு வருகிறாள். முதலில் உயர்வது அவளுடைய கைதான்.

நீங்கள் கேட்டதெல்லாம் சொல்லிவிட்டேன். ரஞ்சினியிடம் மட்டும் இதைச் சொல்லவேண்டாம். அந்தப் பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வராது.