ஒரு மணித்தியாலத் தூரம்

– கொஞ்சம் கெதியா ஓட்டுங்க பஸால்.

– ஓட்டுறன் மச்சான். ஆரையம்பதி தாண்டினா ரோட்டு சும்மா கெடக்கும், கல்முனைக்கு ஒரே ஓட்டம்தான். நீங்க முதல்ல தண்ணி குடிங்க. எயார்போட்டில எறங்கினதிலருந்து முகம் வெளிறிக் கெடக்கு.

– வெளிறாம? சின்ன ப்ளேன். மலைக்கு மேலால வரக்குள்ள ஒரு குலுக்குக் குலுக்கிச்சி. கலிமாவச் சொல்லிக் கண்ண மூடின நான், தொறந்து பாத்தா மட்டக்களப்பு வாவி. ரத்மலானையிலருந்து ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். வானத்தால இருநூறு கிலோமீட்டரும் சொச்சமும்தானாம், பைலட் சொன்னாரு.

– பஸ்ஸில எண்டா எட்டு மணித்தியாலம் போதா.

– அந்த பஸ்ஸ ஞாபகப்படுத்தாதீங்க.

– நான் அத நெனச்சிக் கதைக்கல்ல மச்சான்.

– வாப்பா மௌத்தான அண்டைக்கு நான் அதிலதான் வந்த. மகியங்கன வளைவில பஸ் ஊர்ந்துக்கிட்டுக் கெடக்கக்குள்ள இங்க அடக்கி முடிச்சிட்டீங்க. நான் வந்து பாத்தது ஈர மண்ணு.

– அசர் தொழுகையோட அடக்கணும் எண்டு பள்ளிவாசல் ஆக்கள் ஒரே புடியா நிண்டாங்க. உங்கட தங்கச்சி கதவடியில நிண்டு, கூடப்பொறந்த காக்கா வந்துக்கிட்டிருக்காரு, கொஞ்சம் பொறுங்க எண்டு ஒவ்வொருத்தரிட்டயும் கெஞ்சின. பொம்புளட கதைய ஆரு கேட்ட?

– அஸீஸாவா? அத எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே.

– நீங்க சொல்ல விட்டாத்தானே. வாப்பாவ அடக்கின மையவாடியிலருந்து அப்பிடியே கிறுகிப் போனீங்க. ஏழு வருஷம். அவ எத்தின தரம் கோல் எடுத்தும் நீங்க தூக்கல்ல.

– இண்டைக்குத் தூக்கின நான்தானே.

– ஓம். அல்ஹம்துலில்லாஹ். கல்முனை ஆஸ்பத்திரியில எங்கட புள்ள பொறந்ததுக்குப் பொறகு அவக்கு ரெத்தம் நிக்கல்ல எண்டு டொக்டர் வந்து சொன்னாரு மச்சான். அவட ரெத்தம் லேசில கெடைக்காத வகையாம், இந்தப் பக்கம் ஒருத்தருக்கும் இல்லயாம். எங்கட காக்காக்கு இதே ரெத்தம்தான் எண்டு அவதான் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்ன. ரெத்த வங்கிக்கும் உங்கட நம்பரக் குடுத்தம்.

– புள்ள?

– பொம்புளப் புள்ள. நல்லா இருக்கா. உம்மாட மூக்கு.

– எங்கட உம்மாட மூக்கா? பாவம் புள்ள. ... ஏன் பஸால் வேன ஓரங்கட்டுறீங்க? இன்னும் கல்லாத்துப் பாலமே வரல்ல.

– ஒரு விசயம் சொல்லணும். சொல்லாம இதுக்கு மேல ஓட்ட ஏலாது. ஏசினாலும் பரவால்ல.

– சொல்லுங்க.

– அவக்கு ரெத்தம் தேவப்படல்ல மச்சான். நீங்க ப்ளேன் ஏற முந்தியே ரெத்தம் போறது நிண்டிட்டு. ஆபத்து நீங்கிட்டு எண்டு டொக்டர் சொன்னாரு. உங்களுக்குச் சொல்ல நான் போன எடுத்தன். அவ படுத்த படுக்கையில என்ட கையப் புடிச்சா. சொல்லாதீங்க, சொன்னா காக்கா திரும்பிப் போயிருவாரு எண்டா. நானும் சொல்லல்ல. மாப்புத் தாங்க.

– வேன எடுங்க.

– கோவமா மச்சான்?

– ரத்மலானையில பேக்கத் தூக்கிட்டு ப்ளேனுக்கு நடக்கக்குள்ள ரெத்த வங்கியிலருந்து எனக்குக் கோல் வந்திச்சி. தங்கச்சி தப்பிட்டா, நீங்க இனி வரத் தேவல்ல எண்டாங்க. அதுக்குப் பொறகுதான் பஸால், நான் ஏறின.