ஒத்தைக்கால் கொக்கு

– பின்னயும் போச்சா?

– போச்சு. இன்னா பாருங்க. கம்பி வெட்டுற எடத்துல பல்லு தெறிச்சுக் கெடக்கு. வாங்கி நாலு மாசம் ஆகல்ல.

– கண்ணாடிய எங்க வச்சேன்… ஆங். லீலாபாய் டீச்சரே, இது கட்டிங் பிளையரா, இல்ல கெழவன் வாயா?

– வித்தவரும் நீங்க, சிரிக்கவரும் நீங்க. நல்ல கடை.

– சிரிக்கல்ல. எட்டு வருசத்துல இது எத்தனாவதுன்னு தெரியுமா?

– நான் எண்ணல்ல.

– இருவத்தொண்ணு.

– எண்ணியா வச்சிருக்கிய?

– கடையில சும்மா இருக்கவனுக்கு வேற என்ன வேல… எந்தா சேட்டா? ரெண்டிஞ்சு ஆணியோ? வேலப்பா, அவருக்கு எடுத்துக் குடு… நீங்க சொல்லுங்க டீச்சரே.

– நான் என்ன சொல்ல. பிளையரே சொல்லுதே.

– பாறசாலையில ஹார்டுவேர் கடையே இல்லியா? எனக்குத் தெரிஞ்சு நாலு கடை உண்டும். ஒரு பிளையருக்கு ரயிலேறி இந்த சாலைக் கடைக்கு வாறது நீங்க மட்டுந்தான்.

– அங்க உள்ளதெல்லாம் டூப்ளிகேட்டு.

– இஞ்ச உள்ளது?

– இஞ்ச ஒரிஜினலா ஏமாத்துவாங்க. அது ஒரு மரியாத.

– ஹா… தங்கையன் கடைக்கு நல்ல சர்ட்டிபிக்கேட்டு. செரி, ஒரு காரியம் சொல்லுதேன், கோவப்படப்பிடாது. போன வாரம் கம்பெனி ஆளு வந்தான். நீங்க போன தடவ மாத்துன பிளையர அவன்கிட்ட காட்டினேன்.

– என்ன சொன்னான்?

– கம்பி வெட்டினா இப்படித் தெறிக்காதாம். கான்கிரீட் ஆணிய வச்சு வெட்டினாத்தான் வாயி இப்படிப் போவுமாம்.

– ஓகோ… முப்பது வருசம் ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீஷியன் பிள்ளையளுக்குப் படிச்சுக் குடுத்தவ நான். மொத நாள் பாடமே அதாக்கும். கான்கிரீட் ஆணி உருக்கு, அத பிளையர்ல வெட்டப்பிடாது, வெட்டினா வாயி போச்சுன்னு. எனக்கா அவன் சொல்லித் தாறான்?

– நான் சொல்லல்ல, அவன் சொன்னது…

– சாமான மோசமாப் பண்ணிட்டு, வாங்குனவ மேல பழி. தொண்ணூத்திமூணுல இதே கொக்கு மார்க்கு, இதே கடையில வாங்குனேன். இருவத்துநாலு வருசம். லேப்ல பிள்ளைய கையில எல்லாம் கெடந்து உருண்டுது. ஒரு பல்லு போகல்ல. ரயில்ல வச்சு தொலைக்காட்டா இப்பவும் எங்கையில இருக்கும்.

– அது வேற கொக்கு டீச்சரே.

– அதென்ன வேற கொக்கு?

– பழயதுல முத்திர பாத்திருக்கியளா? கொக்கு ஒத்தைக் கால்லயாக்கும் நிக்கும். கம்பெனிய வேற ஆளு வாங்குனப்பறம் ரெண்டு காலையும் ஊணிட்டுது. இன்னா, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.

– ஆமா… ரெண்டு காலு. இத்தன நாளு நான் கவனிக்கல்ல.

– ஒத்தைக் கால்ல நின்னு செஞ்ச சாமான் அது. இப்ப கொக்குக்கும் மடி, செய்யவனுக்கும் சோம்பல்.

– நல்லா பேசுதிய.

– உள்ளதாக்கும். அண்ணைக்கு உருக்கக் காச்சி அடிச்சு செஞ்சானுவ. கையில எடுத்தா ஒரு கனம் இருக்கும். ஒத்த வெரலால தள்ளினா வாய் தொறக்கும், ஆட்டம் இருக்காது. இப்ப பளபளன்னு மினுக்கி, கைப்பிடிக்கு நல்ல சிவப்பு உறையும் போட்டுத் தாறான். உள்ள ஒண்ணுமில்ல. ஸ்குரூ டிரைவர் பாத்தியன்னா, திருகினா ஆணி நிக்கும், டிரைவர் திரும்பும். ஸ்பேனர் வாயி இளிச்சுட்டு நிக்கும்.

– பின்ன எதுக்கு விக்கிய?

– வேற எத விக்க? பேரு அதே பேரு. ஆளுக பேரச் சொல்லிக் கேட்டு வாறாங்க. நீங்களும் பேரச் சொல்லித்தானே கேக்கிய?

– நான்… செரி, அத விடுங்க. இண்ணைக்கு நல்லதா ஒண்ணு வேணும். நெசமாவே நல்லது. இது உடைஞ்சா மாத்த வர முடியாது.

– ஏன்? ரிட்டயர் ஆனா பிளையர் வேண்டாமா?

– எம் மக லிபிக்கு கழக்கூட்டம் ஆபீஸ்லயிருந்து புனேக்கு மாத்தம். ஒத்தைக்கு இஞ்ச இருக்கண்டாம்னு என்னையும் கூட்டிட்டுப் போறா. திங்கக்கெழம தம்பானூர்லயிருந்து ரயிலு.

– நல்லதுதானே. மோளு கூட… எத்தன நாளைக்கு?

– நாளா? வீட்ட வாடகைக்குக் கேட்டு ஆளு வந்திருக்கு. நாளைக்கு சாவி குடுக்கணும்.

– அப்ப இனி…

– அதாக்கும் சொன்னேன், உடையாதது ஒண்ணு தாங்கன்னு.

– …வேலப்பா. நீ போயி ஒரு சாயா குடிச்சிட்டு வா… இப்பத்தான் குடிச்சியா? அதுக்கென்ன, இன்னொண்ணு குடி. போ.

– அவரு என்ன செய்தாரு பாவம்?

– ஒண்ணும் செய்யல்ல. நில்லுங்க, இந்த மேச டிராயர் எப்பவும் இறுகும்… இன்னா. பிடிங்க.

– என்ன இது, எண்ணெத்தாள்ல பொதிஞ்சு… ஐயோ. ஒத்தைக் காலு.

– ம்.

– இது எப்பக் கெடச்சுது?

– கெடைக்கல்ல. இருந்துது. பழய ஸ்டாக்குல கடைசி.

– எப்பலயிருந்து இருந்துது?

– எட்டு வருசம் முன்ன, பழயது தொலஞ்சு போச்சுன்னு வந்து நிண்ணியளே… அண்ணைக்கும் இந்த மேசைக்குள்ளதான் கெடந்துது.

– அப்ப இருவத்தொரு தடவையும் எனக்கு அந்த ரெண்டுகால் கொக்க…

– ஆமா டீச்சரே.

– நான் நம்பி வந்த கடை.

– தொண்ணூத்திமூணுல உங்கள ஏமாத்தல்ல. வேல ஆர்டர கையில வச்சிட்டு வந்து நின்னிய. மாமாவுக்க கடை, நான் எடுத்துக் குடுக்கவன். ஒம்பது பிளையர்ல கம்பி வெட்டிப் பாத்து பத்தாவது உங்களுக்குத் தந்தேன். மாமா ஏசினாரு.

– ஓர்மையிருக்கு. கீழ எல்லாம் கம்பித் துண்டு.

– அடுத்தது வாங்க வரும்போ வீடு எங்கன்னு கேக்கணும்னு இருந்தேன். பின்ன மாமாவ அனுப்பி பெண்ணு கேக்கலாம்னு. நீங்க வரல்ல. இருவத்துநாலு வருசம். நான் தந்தது அவ்வளவு நல்ல சாமான்.

– அண்ணைக்கே கேட்டிருக்கப்பிடாதா?

– எப்படிக் கேக்க? உத்தியோகத்துக்குப் போற பெண்ணு. நான் ஆணி நிறுத்துக் குடுக்க ஆளு.

– ஆக, கொக்குதான் ஒத்தைக் கால்ல நின்னுது. நீங்க நிக்கல்ல.

– நிக்கல்ல. பின்ன எனக்கும் கல்யாணக் கெட்டு நடந்து, அவ செத்துப் போயி பன்னிரண்டு வருசம் ஆச்சு. உங்க வீட்டுலயும் அவரு போனாருன்னு ஆளுக சொல்லிக் கேட்டேன். பெறகு ஒருநாள் நீங்களே வந்து நிக்கிய, கூட லிபி மோளு. இந்த மேசையத் தொறக்கப் போனேன். கை வரல்ல. நல்லதத் தந்தா பின்னயும் இருவத்துநாலு வருசம் வரமாட்டிய. அதுக்கு எனக்கு வயசில்ல டீச்சரே. ஏசணும்னா ஏசிட்டுப் போங்க. ஆனா இத எடுத்துட்டுப் போங்க. அந்நிய ஊரு. உடையாத ஒண்ணு கையில இருக்கட்டும்.

– …கனம் அப்படியே இருக்கு.

– மாசம் ஒருக்கா எண்ணெ போட்டுத் தொடச்சு வச்சேன்.

– ஒத்த வெரலுக்குத் தொறக்குது…

– ம்.

– தங்கையா.

– …பேரச் சொல்லியா விளிச்சிய?

– இத எண்ணெத்தாள்லயே பொதிஞ்சு மேசைக்குள்ள வைங்க. எனக்கு ரெண்டுகால் கொக்குல ஒண்ணு தாங்க.

– அது நாலு மாசத்துல போயிருமே. புனேயில கெடந்துட்டு எப்படி மாத்த வருவிய?

– ரயில் இருக்குல்லா. வீட்டுச் சாவிய நான் இனி யாருக்கும் குடுக்கப் போறதில்ல. பின்ன, அதோட ஒரு பாக்கெட் கான்கிரீட் ஆணியும் போடுங்க. வீட்டுல இருந்தது இந்த எட்டு வருசத்துல வெட்டி வெட்டித் தீந்து போச்சு.