இரவல் பெட்டி

— மூடியை நல்லா அடிச்சு மூடுடி. போன தடவை மாதிரி மெஷின்ல குலுங்கும்போது பெயிண்ட் தெறிச்சுதுன்னா நான் துடைக்க மாட்டேன்.

— போன தடவை மூடினது நீதான்க்கா.

— யாரு மூடினா என்ன? கேட்டுக்கோ, எனக்கு இன்னிக்குக் கையில பலமே இல்ல. காலையில ஸ்கூல் நோட்டீஸ் போர்டைப் பாத்ததுலேருந்து வயிறு திகுதிகுன்னு எரியுது.

— எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு?

— போயும் போயும் அவளுக்கா ஸ்காலர்ஷிப்! பென்சில் இரவல், ஸ்கேல் இரவல், காம்பஸ் இரவல். இப்படி வாங்கி வாங்கியே "இரவல்"னு பேரு வாங்கினவ. பெயிண்ட் கடைப் பொண்ணுங்கன்னு நமக்குப் பெரிய டப்பா, சின்ன டப்பான்னு பேரு வெச்சவ.

— பரீட்சை ஹால்ல பாதியில ரப்பர் கேட்டாளே, அதை விட்டுட்ட.

— உன்கிட்டயுமா கேட்டா?

— உன்கிட்ட கேட்டு நீ முறைச்சதுக்கு அப்புறம்தான் என்கிட்ட வந்தா. நான் உடனே குடுத்துட்டேன்.

— நான் முறைச்சேன்னுதானே குடுத்த.

— ஆமா. அதுல என்ன தப்பு?

— சரி, மெஷினைப் போடாத, இரு. பெயிண்ட் கேட்ட ஆளு அவர் வீட்டுச் சுவர்லேருந்து பேத்துக் குடுத்துட்டுப் போன சில்லு எங்க? ஷேடு ஒத்துப்போகுதான்னு குச்சியால கலக்கி மூடி மேல ஒரு பொட்டு தடவிப் பாத்துடலாம்.

— இந்தா சில்லு.

— ஐயோ! என்னடி இது, சாம்பல் பூசின மாதிரி இருக்கு? இளம்பச்சைன்னுதானே கேட்டாரு?

— நான் என்ன பண்ணேன்? ஃபார்முலாவுல இருக்கற மாதிரி கறுப்பு ஒரு சொட்டுதான் விட்டேன்.

— நீ விட்டியா? நானும்தான் ஒரு சொட்டு விட்டேன்!

— நீ விட்டா சொல்ல வேண்டாமா?

— நீ விட்டா நீ சொல்ல வேண்டாமா? விட்ட கறுப்பைத் திரும்ப எடுக்க முடியாதுன்னு அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்காரு.

— உங்கப்பா சொன்னாரு, எங்கப்பாவும் சொன்னாரு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நம்ம ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாச் சொன்னாங்க. நாம ஒருத்திகிட்ட ஒருத்தி சொல்லியிருந்தாத்தானே. அரையாண்டு மார்க் வந்ததுலேருந்து நீ என்கிட்ட பேச்சே இல்ல.

— பேசாதது நீ. மாடிப்படியில என்னைப் பாத்தா மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போவ.

— நீ கதவைப் படார்னு சாத்துவ. கீழ் வீட்டுல எங்கம்மா கையில டம்ளர் ஆடும்.

— விடு, அதெல்லாம் இப்ப எதுக்கு?

— எதுக்குன்னா, நான் கிளம்பும்போது கீழ எங்க வீட்டு சோஃபாவுல உங்கம்மாவும் எங்கம்மாவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து அவளைத் திட்டிக்கிட்டிருந்தாங்க. எங்கம்மா பெரியம்மாவுக்கு டீ போட்டுக் குடுத்தாங்க.

— எங்கம்மா குடிச்சாங்களா?

— சர்க்கரை கம்மின்னு ஒரு வார்த்தை சொல்லாம குடிச்சாங்க.

— அப்படின்னா நிஜமாவே பெரிய துக்கம்தான்.

— அதுசரி, உன் பெட்டியை ஏன் கடையில கொண்டாந்து வெச்சிருக்க?

— அப்பா வாங்கின இடத்துலயே திருப்பிக் குடுத்துடலாம்னாரு. விலைச் சீட்டைக்கூட இன்னும் பிரிக்கலதான்.

— முடிவு வர்றதுக்கு முன்னாடியே பெட்டி வாங்கின ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்க்கா. நீலக் கலர், கைப்பிடி வேற இழுத்தா நீளுது. வாசல்லேருந்து கடகடன்னு உருட்டிக்கிட்டு வந்தியே, அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?

— எப்படி இருந்துச்சு?

— சக்கரம் கழண்டு விழணும்னு சாமியை வேண்டிக்கிட்டேன்.

— அடிப்பாவி! ஒரு சக்கரம் நிஜமாவே ஆடுதுடி!

— சும்மா சொல்லக் கூடாது, கண்கண்ட தெய்வம்.

— சிரி, நல்லா சிரி. உனக்கென்ன. நான் வீடு கட்டறதைப் படிக்கணும்னு நெனச்சேன். இப்ப எவனோ கட்டின வீட்டுக்குப் பெயிண்ட் டப்பா எடுத்துக் குடுக்கப் போறேன்.

— எனக்கென்னவா? ஸ்காலர்ஷிப் யாருக்குக் கிடைக்குதோ அவ வெளியூர் காலேஜுக்குப் போகட்டும், கிடைக்காதவ பக்கத்துத் தெரு காலேஜுல படிச்சுக்கிட்டே சாயங்காலம் கல்லாவுல உக்காரட்டும்னு உங்கப்பாவும் எங்கப்பாவும் பேசி முடிச்சப்ப, நானும்தானே அங்க நின்னுக்கிட்டிருந்தேன்? ராத்திரி தூக்கத்துலகூட ஹாஸ்டல் ஜன்னலைப் பாத்துட்டேன்க்கா. ஜன்னலுக்குத் திரைகூட போட்டாச்சு.

— என்ன கலரு?

— இளம்பச்சை. இப்படிச் சாம்பல் இல்ல.

— ம். ஒருத்தி போயிருந்தாக்கூட இன்னொருத்திக்கு வயிறு எரிஞ்சாலும் வீட்டுக்குள்ளயே எரிஞ்சிருக்கும். இப்ப ரெண்டு பேரும் ஒரே கல்லாவுல. எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான்டி. மார்க்குல முதல் நான்.

— அரை மார்க்குல.

— அரையோ காலோ, முதல்னா முதல்தான். அடுத்தது நீ. அவ எங்கேயோ தொலைவுல மூணாவது. ஸ்காலர்ஷிப் குடுக்கற டிரஸ்ட்காரங்க இன்டர்வியூவுக்கு மூணு பேரைக் கூப்பிடணும்னு வழக்கம், அதனால ஒப்புக்குச் சப்பாணியா வந்து மூணாவது நாற்காலியில உக்காந்தா. உள்ள போறதுக்கு முன்னாடி என்கிட்ட சீப்பு வாங்கித் தலை வாரிக்கிட்டுத்தான் போனா!

— என் கைக்குட்டையை வாங்கி மூஞ்சி துடைச்சுக்கிட்டுப் போனா. இன்னும் அவகிட்டதான் இருக்கு.

— என் சீப்பு, உன் கைக்குட்டை, அவளுக்கு ஸ்காலர்ஷிப். உள்ள என்னமோ நடந்திருக்கு. உன்னை என்ன கேட்டாங்க?

— என்னென்னமோ. ஏன் கணக்கு, ஏன் அந்தக் காலேஜு, கடையில என்ன வேலை பாப்ப, இந்த மாதிரி. கடைசியாத்தான் அந்தக் கண்ணாடி மேடம் ஒண்ணு கேட்டாங்க.

— "உனக்குக் கிடைக்கலன்னா, வெளியில இருக்கற ரெண்டு பேர்ல யாருக்குக் கிடைக்கணும்?"

— உன்னையும் கேட்டாங்களா!

— எல்லாரையும் கேப்பாங்களாம். வருஷா வருஷம் அவங்க கடைசிக் கேள்வியே அதுதானாம். அந்தப் பதிலை ரொம்பப் பெருசா எடுத்துக்குவாங்கன்னு போன வருஷம் வாங்கின பொண்ணு என்கிட்ட சொல்லிச்சு.

— அதை நீ என்கிட்ட சொல்லவே இல்ல.

— அப்ப நாம பேசிக்கறதில்லையே. அதுசரி, நீ யாரைச் சொன்ன?

— நீ யாரைச் சொன்ன?

— நான்தான் முதல்ல கேட்டேன்.

— நீதானே மூத்தவ. எனக்கு ரெண்டு மாசம் முன்னாடி பொறந்த புண்ணியத்துக்கு மரியாதை குடுத்து வழி விடறேன், சொல்லு.

— அதெல்லாம்... மனசுக்குப் பட்டதைச் சொன்னேன்.

— என் பேரைச் சொல்லல.

— நீயா எப்படிடி முடிவு பண்ற?

— உன் காது சிவக்குதுக்கா. சின்ன வயசுல என் பொம்மை கையைப் பிச்சப்பவும் இப்படித்தான் சிவந்துச்சு.

— ஆமா, சொல்லல. போதுமா? உன் பேரைச் சொன்னா உன் பக்கம் தராசு சாஞ்சுடும். அவ பேரைச் சொன்னா யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல, எனக்கும் பெரிய மனசுன்னு பேரு. வெறுமனே பேரை மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்கன்னு கொஞ்சம் ஜோடிச்சும் சொன்னேன்.

— என்ன ஜோடிச்ச?

— "கேட்டு வாங்கறதுக்கு வெக்கப்படாத பொண்ணு மேடம். வாங்கினதைத் திருப்பிக் குடுக்காம இருந்ததே இல்ல. அவளுக்குக் குடுத்தா அந்தப் படிப்பை நாலு பேருக்குத் திருப்பிக் குடுப்பா"ன்னேன்.

— அய்யய்யோ!

— என்னடி?

— அப்படியே அதையேதான் நானும் சொன்னேன்! கண்ணுல தண்ணி தளும்பற மாதிரி வேற சொன்னேன். அந்த மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

— உனக்கும் துடைச்சாங்களா? எனக்கு மட்டும்தான் துடைச்சாங்கன்னு இருந்தேனே!

— எதிராளிக்குச் சகுனம் கெடட்டும்னு தன் மூக்கை அறுத்துக்கிட்டானாம் ஒருத்தன். நாம ரெண்டு மூக்கை அறுத்துக்கிட்டோம்.

— நீயும் ஒரு சொட்டு, நானும் ஒரு சொட்டு.

— டப்பா முழுக்கச் சாம்பல்.

— அதெல்லாம் இருக்கட்டும். நீ ஏன் என் பேரைச் சொல்லல?

— என்னது?

— ஒரே வீட்டுல வளந்தவ, ஒரே தட்டுல சாப்பிட்டவ. என் பேரு உன் வாயில வரலியா?

— நீ சொன்னியா என் பேரை?

— நான் மூத்தவ! நீதான் சொல்லணும்! நீ மட்டும் என்னைச் சொல்லியிருந்தா அவளுக்கு ஒரு ஓட்டு, எனக்கு ஒரு ஓட்டு, முதல் மார்க்கு வேற. நான் இந்நேரம் ஹாஸ்டலுக்குத் துணி மடிச்சுக்கிட்டிருப்பேன்!

— நீ மட்டும் என்னைச் சொல்லியிருந்தா நான் மடிச்சுக்கிட்டிருப்பேன்!

— இவ்வளவு பொறாமையாடி என் மேல?

— அளந்து பாத்தா ரெண்டும் ஒரே எடைதான் இருக்கும்க்கா.

— இனிமே என்கிட்ட பேசாத.

— பேசல. பேசிப் பாத்ததே தப்பு. நாளைக்கு எங்கம்மாகிட்ட சொல்லிடறேன், பெரியம்மாவுக்கு இனிமே டீயும் கிடையாது.

— சொல்லு. இந்த டப்பாவையும் நீயே எடுத்துக்கிட்டுப் போய் அந்த ஆளுகிட்ட நீயே பதில் சொல்லு.

— நான் ஏன் சொல்லணும்? உன் சொட்டுக்கு... ஏய், வாசல்ல பாரு.

— யாரு?

— அவதான். இங்கதான் வர்றா. மூஞ்சியை மாத்து, மூஞ்சியை மாத்து.

— உன்னுதை முதல்ல மாத்து. பல்லைக் கடிக்காம சிரி.

— பெரிய டப்பா! சின்ன டப்பா! ரெண்டும் ஒண்ணா உக்காந்திருக்கீங்களா? என் கண்ணே பட்டுடும் போலிருக்கே!

— வா, இரவல், வா. வாழ்த்துக்கள்.

— மனசார வாழ்த்துக்கள். ராத்திரி எங்களுக்குச் சந்தோஷத்துல தூக்கம் வராது.

— தேங்க்ஸ் பா. இந்தா சின்ன டப்பா, உன் கைக்குட்டை. துவைச்சு மடிச்சுக் கொண்டாந்திருக்கேன்.

— இதைக் குடுக்கவா இவ்வளவு தூரம் வந்த?

— இதைக் குடுத்துட்டு ஒண்ணு வாங்கிட்டுப் போகலாம்னு.

— என்ன, பேனாவா?

— பெட்டி. ஹாஸ்டலுக்குத் துணி கொண்டு போகணும்ல, எங்க வீட்டுல இருக்கற பை ஒரு பக்கம் வாய் பொளந்திருக்கு. பெரிய டப்பா புதுசா ஒண்ணு வாங்கியிருக்கான்னு கேள்விப்பட்டேன். அதோ அதுதானே? லீவுக்கு வரும்போது கையோட திருப்பிக் குடுத்துடறேன் பா.

— என் பெட்டியா!

— குடேன்க்கா. ஒரு சக்கரம் ஆடும் இரவல், பரவாயில்லையா?

— ஆடினா தூக்கிக்கிட்டுப் போறேன். அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நன்றி பாக்கி இருக்கு. மேடம் இன்னிக்கு எல்லாத்தையும் சொன்னாங்க. ரெண்டு பேரும் என் பேரைத்தான் சொன்னீங்களாம், அதுவும் பேசி வெச்சுக்கிட்ட மாதிரி அதே வார்த்தையாம்.

— அது... மனசுக்குப் பட்டது...

— ஆமா. ரெண்டு பேர் மனசுக்கும் பட்டது.

— பட்டிருக்கும், பட்டிருக்கும். ஏன் பட்டுச்சுன்னும் எனக்குத் தெரியும் பா. அஞ்சாம் வகுப்புலேருந்து உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்தவ நான். பெரிய டப்பா ஒரு பென்சில் குடுத்தா, சின்ன டப்பா சீவின பென்சிலாக் குடுப்பா. இவ நோட்டுல பாதி குடுத்தா, அவ முழு நோட்டையும் நீட்டுவா. ஒருத்தியை ஒருத்தி மிஞ்சணும்னு நீங்க குடுத்துக்கிட்டே இருந்தீங்களா, நான் சொந்தமா வாங்க வேண்டிய அவசியமே வரல.

— அடிப்பாவி.

— இரு, அக்கா. இரவல், உன்னையும் அந்தக் கேள்வி கேட்டிருப்பாங்களே?

— கேட்டாங்களே.

— நீ யாரைச் சொன்ன? என்னைத்தானே?

— ஏன், உன்னையா? பரீட்சையில ரப்பர் குடுத்தது நானு. என்னைத்தானே சொன்ன?

— முதல்ல பெட்டியைக் குடுங்க.

— பேரைச் சொன்னாத்தான் பெட்டி.

— ஆமா, இதுல நானும் அக்காவும் ஒரே கட்சி. சொல்லு.

— ரெண்டு பேர் பேரையும் சொல்லல பா. "மேடம், பெரியவளுக்குக் குடுத்தீங்கன்னா சின்னவ ஜென்மத்துக்கும் அவளோட பேச மாட்டா, சின்னவளுக்குக் குடுத்தீங்கன்னா பெரியவ பேச மாட்டா, பேசாம எனக்கே குடுத்துடுங்க, அப்பதான் ரெண்டும் ஒண்ணா உக்காந்து என்னைத் திட்டும்"னு சொன்னேன்.