வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஸ்தனிஸ்லாஸ் சாருக்கு

“இன்னா சார் இது, நம்ம கனகராசு எப்போ லெஃப்ட் ஹேண்டு ஆனான்? காலைலகூட சோத்துக்கையாலதான வட்டு எறிஞ்சிக்கினு இருந்தான்!”

“அதான் பவுலு எனக்கும் புரியல. ரெண்டு நாளா கோணம் கோணமா அளந்து வெச்சிருக்கேன். ஒண்ணும் ஒத்துவரல.”

வட்டெறிதலில் லண்டன் ஒலிம்பிக் கண்ட வீரரே! எறிபவரின் இடுப்பையும் தோளையும் படச்சுருளில் பிடித்து, சுவரில் விழச்செய்து, பாகை பாகையாய்ப் பிரித்துக் காட்டிய பேராசானே! எங்கள் அன்புக்குரிய ஸ்தனிஸ்லாஸ் அவர்களே!

ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் அடையாறு உடற்பயிற்சிக் கல்லூரியின் இருட்டறையில், தங்களுக்கும் மைதானம் பார்க்கும் பவுல்சாமிக்கும் நடந்த இந்தப் பேச்சை நினைத்து இன்றும் சிரிக்கிறோம். தி. நகரில் கழுவி வந்த படச்சுருளைத் தவறுதலாகப் புரட்டி மாட்டியவர், அப்போதுதான் தங்கள் உதவியாளராகச் சேர்ந்திருந்த ஜெயபாரதி. சுவரில் வலம் இடமாகிவிட்டது. மாணவன் கனகராஜ் தன் படத்தைப் பார்த்துத் தானே குழம்பி, இடக்கையால் எறிந்து பார்த்து, தடுப்பு வலையைக் கிழித்துவைத்தான்.

எந்தக் கால் முதலில் திரும்புகிறது என்று பார்க்கத் தாங்கள் நாற்காலியை விட்டு எழுந்தீர்கள். வெறுங்கையோடு ஒரு முறை சுழன்றீர்கள். அவ்வளவுதான். ஜெயபாரதியின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அத்தனை வீரர்களின் படங்களிலும் அப்படி ஒரு சுழற்சியை நாங்கள் பார்த்ததில்லை. தாங்களோ கூச்சத்தோடு கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு, “சுருளைத் திருப்பிப் போடும்மா. ரெண்டு நாளா கண்ணாடியைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்” என்றீர்கள்.

அன்று தொடங்கிய குழப்பம் ஜெயபாரதிக்கு இன்னும் தீரவில்லை. லண்டனில் தங்கள் கால் வட்டத்தைத் தாண்டியதால் மூன்று வீச்சும் செல்லாமல் போயின என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் அவர் கண்ட கால் நின்ற இடத்திலேயே திரும்பி, ஆணியடித்தாற்போல் நின்ற கால். அதுவா தாண்டியது? மூன்று முறையுமா? மழையா, பதற்றமா என்று கேட்டால், “படம் இல்லையேம்மா, எப்படிச் சொல்றது?” என்பீர்கள். ஊராரின் பிழையெல்லாம் சொன்ன தாங்கள், தங்கள் வீச்சைப் பற்றி வாய் திறந்ததில்லை. எறியும் வட்டத்துக்குள் காலும் வைத்ததில்லை. வெளியே நின்றே கற்றுக்கொடுத்தீர்கள்.

உழைப்புக்குத் தாங்கள் ஒருபோதும் வெளியே நின்றதில்லை! கைக்கு முன்னால் இடுப்பு திரும்ப வேண்டும் என்பதை மாணவர்களுக்குக் காட்ட, கேமராவைத் தூக்கிக்கொண்டு நொச்சிக்குப்பம் போய், வீச்சுவலை எறிபவர்களைப் படம்பிடித்தீர்கள். மீன் விற்ற புஷ்பம், “இன்னா நைனா, சினிமாவா? ஹீரோயின் எங்க?” என்று கேட்டதும், “நீதான், கொஞ்சம் தள்ளி நில்லு” என்று சொல்லி, அந்த வாரம் முழுக்க மீன் வாங்க முடியாமல் தவித்தீர்கள்.

ஜெயபாரதி கேட்க முயலாமல் இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள்:

“சார், ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“நீங்க... காபி சாப்பிடுறீங்களா?”

பக்கத்தில் நின்ற பவுல்சாமி தலையில் அடித்துக்கொண்டார். “வருசக்கணக்கா இந்தக் காப்பியையே கேட்டுக்கினு கீறியே! அவருக்குச் சக்கர வியாதி வந்தாத்தான் வுடுவியா?”

கேட்க நினைப்பது தங்களுக்காகவா, தன் ஆவலுக்காகவா என்று ஜெயபாரதிக்கே பிடிபடவில்லை. அந்தக் கால் மறுபடியும் தாண்டிவிட்டால், அதைச் சுவரில் போட்டு அளக்க வேண்டியவர் அவர்தானே! அந்த அச்சத்தில் ஆறு ஆண்டுகள் கழிந்தன. பணி ஓய்வு பெற்று, நாளை தாங்கள் மகள் நோராவின் வீட்டுக்குத் திருச்சி ரயில் ஏறுகிறீர்கள். இன்று விட்டால் இனி இல்லை.

ஐயா! முழங்கால் நோகாமல், பேரப்பிள்ளைகளின் ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து, கண்ணும் காதும் கூர்மை குன்றாமல் நெடுங்காலம் வாழுங்கள்! இம்மடலைச் சட்டமிட்டுத் தங்கள் கையில் தருமுன், எங்கள் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறோம். இத்தனை நாள் கேட்காததை ஜெயபாரதியே எழுந்து நின்று, தம் வாயால் சொல்லட்டும்.

தங்கள் அன்பில் நனைந்த
ஆசிரியர்கள், அலுவலர்கள், மைதானப் பணியாளர்கள்
அடையாறு, சென்னை, 1974

“சார், கேமராவைப் பூட்டி வெச்சுட்டேன். எதையும் அளக்க மாட்டேன். வெயில் இறங்குறதுக்குள்ள, வட்டத்துக்குள்ள வந்து எங்களுக்காக ஒரே ஒரு தடவை எறியுங்க சார்.”