காத்திருக்கிற கழுத்து

இல்ல டாக்டரம்மா, உங்களைக் குறை சொல்லலை. பாதிப் பேருக்கு இப்பவே கையால நீவி விடுவீங்க, மீதிப் பேரு சும்மா காத்திருக்கணும், அப்பதான் வீக்கம் நீவினதால வடிஞ்சுதா தானா வடிஞ்சுதான்னு தெரியும். சேரும்போதே சொன்னீங்க. எங்க வீட்டுக்காரரைக் கம்ப்யூட்டர் காத்திருக்கிற பக்கம் தள்ளிடுச்சு. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?

நீங்க படுற பாடும் தெரியும். இங்க வர்றவங்களுக்குத் தொண்டையில புத்துநோய் வந்து, அதைக் கருக்கக் கதிர்க் கரண்டு வச்சு, அப்பாடான்னு உட்காரும்போது தாடைக்குக் கீழ பை மாதிரி நீர் கோத்துக்குது. ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டா தூரம்னு பாதிப் பேரு வரதில்ல. சில பேரு போயே சேர்ந்துடுறாங்க. வந்தவங்களுக்கும் காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. தாடி வளர்ந்தா டேப்பு நழுவுது. தொண்டைக்குள்ள வீங்கினதை எந்த டேப்பால அளக்கிறதுன்னு நர்சுகிட்ட புலம்பினீங்களே.

காதுல விழுந்துச்சு. வெளியே பெஞ்சுல எனக்கு வேற என்ன வேலை? எங்க ஆளு பஸ் ஸ்டாண்டுல கூவிக் கூவிப் பழம் வித்தவரு. வீட்டுல என்னை ஒரு வார்த்தை பேச விட்டதில்ல. இப்ப நானே பேசிட்டிருக்கேன், குறுக்கே விழ ஆளில்ல. கதவுக் கண்ணாடி வழியா நீவுற பக்கம் விழுந்த கொத்தனாரு ஒருத்தருக்கு நீங்க நீவுறது தெரியும். அவரு முகம் வாரத்துக்கு வாரம் வடியுது. எங்க ஆளு அதைப் பார்ப்பாரு, அப்புறம் என்னைப் பார்ப்பாரு.

இல்லம்மா, விதியை மீறச் சொல்லலை. எங்களை உங்க கணக்குலேர்ந்து அடிச்சுடுங்க. ஒரு ஆள் குறைஞ்சா உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுதான் சொல்றேன். அவரு அளவு இனிமே உங்களுக்கு உதவாது.

கண்ணாடியில பார்த்ததை வச்சு நான் தினமும் நீவி விடுறேன்.

தாடையிலேர்ந்துதான். நல்லா அழுத்தி, கீழ்ப்பக்கமா.

தோள்கிட்டயா? முதல்ல அங்க நீர் வடிய வழி திறந்து விடணுமா? அழுத்தவே கூடாதா? அது தெரியாதும்மா. கண்ணாடியில பாதிக்குக் கீழ காகிதம் ஒட்டியிருக்கீங்க. எனக்கு முகம் மட்டும்தான் தெரிஞ்சுது.

நேத்துலேர்ந்து அவருக்குத் தண்ணிகூட இறங்கலை. வெளியேதான் உட்கார்ந்திருக்காரு. இன்னைக்குக் காலையிலயும் நான் கையைக் கழுவிட்டு வந்ததும், தானாவே கழுத்தை நீட்டினாரு.