கத்தாத பெட்டி

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் நான் தூங்கிவிடுவேன். இன்றைக்கும் தூங்கினேன். முதுநகரில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். நீங்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன், சார். ஐஸ் கம்பெனியில் இரண்டு பேர் செத்த விவகாரத்தில் உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

என் பெயர் ஞானசேகரன், சொந்த ஊர் கீரப்பாளையம். சிதம்பரத்தில் வைத்திலிங்கம் முதலாளியின் சின்னக் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை. அம்மோனியா வாயு கசிந்தால் கத்துகிற பெட்டி செய்கிறோம். ஐஸ் கட்டி உறைய வைக்கும் குழாய்களில் அந்த வாயுதான் ஓடுகிறது. காற்றில் அது இருபத்தைந்து என்ற அளவைத் தாண்டினால் பெட்டி கத்த வேண்டும். அந்த எண் உள்ளே ஒரு மெமரி சிப்பில் இருக்கும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் பெட்டி அதைத் திரும்பப் படித்துக்கொள்ளும். இந்த வருஷம் கரண்ட் எத்தனை தடவை போய் வந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

சிப்பிலிருந்து படித்துக் கொடுக்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். முதலில் அதை எழுதியவன் நான். செப்டம்பரில் அறிவுமதி அதை மாற்றி எழுதினாள். இருபத்தாறு வயது. சேர்ந்து இரண்டு வருஷம் ஆவதற்குள் முதலாளி என்னை அவளுக்குக் கீழே உட்கார வைத்திருந்தார். புதுப் பெட்டிகளின் சிப்பில் அந்த டிரைவர் பறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பழைய பெட்டிகளில் உள்ள சிப் நிதானமானது. அதன் ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் புரோகிராம், பழசு; கேட்டால் ஒரு கணம் கழித்துத்தான் பதில் சொல்லும். புது டிரைவர் அந்தக் கணம் பொறுக்காமல் படித்துவிடும். அப்படிப் படித்தால் இருபத்தைந்துக்குப் பதிலாக அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் வரும். எந்தக் கசிவும் அந்த அளவைத் தொடாது. எல்லாம் சரி என்று காட்டும் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

அவள் கவனக்குறைவானவள் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். அக்டோபர் மூன்றாம் தேதி சாயங்காலம் என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, பழைய பெட்டியில போட்டுப் பாத்துட்டீங்களா? எல்லாருக்கும் அனுப்பலாமா?"

"பாத்துட்டேம்மா. அனுப்பு."

பார்த்தது உண்மைதான். அன்று காலையிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. அவள் வந்து கேட்டபோது திருத்தியும் முடித்திருந்தேன். ஒரே ஒரு வரி, சிப் பதில் சொல்லும்வரை பொறு என்று. அதைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏதாவது ஓர் ஊரிலிருந்து புகார் வரும், முதலாளி முன்னால் அவள் தலைகுனிந்து நிற்பாள், பிறகு நான் எடுத்துக் கொடுக்கலாம் என்றிருந்தேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கடலூரில் இருந்த பழைய பெட்டிகளுக்குப் புது டிரைவரை நானே வந்து போட்டேன். பதினோராம் தேதி முதுநகர் ஐஸ் கம்பெனி மேஸ்திரி பொன்னுரங்கம் போன் செய்தார்.

"தம்பி, கரண்ட் வந்ததுலேருந்து கண்ணு எரியுது, வாடை ஜாஸ்தியா அடிக்குது. பெட்டி கம்முனு கெடக்குதே?"

நேரில் போனேன். அவர் கண் சிவந்திருந்தது. "முப்பது வருசமா இதுலயே கெடக்கறேன். என் மூக்கு பொய் சொல்லாது தம்பி," என்றார்.

பென் டிரைவ் என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. ஆனால் புகார் என் போனுக்கு வந்ததுதான் சங்கடம். நான் அதை முதலாளியிடம் கொண்டுபோனால், பழைய பெட்டியில் நீதானே போட்டுப் பார்த்தாய் என்று என்னையே கேட்பார்கள். வேறு ஊரிலிருந்து, வேறு ஆள் வாயிலிருந்து அது வர வேண்டும்.

"அண்ணே, முப்பது வருசம் மோந்த மூக்கு இல்லாத வாடையையும் காட்டும். பெட்டி கத்துனா ஓடுங்க. கத்தலன்னா வேலையப் பாருங்க," என்றேன்.

கொஞ்ச நேரம் பச்சை விளக்கையே பார்த்தார். "படிச்சவங்க நீங்க சொன்னா சரிதான்," என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இருபதாம் தேதி மத்தியானம் கரண்ட் வந்து கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்ததும் ஒரு வால்வு விட்டுவிட்டது. கதவோரம் நின்றதால் பிழைத்த பழனிவேல் உங்களிடம் சொல்லியிருக்கிறான். உள்ளே வேலையில் இருந்த சிங்காரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தானாம். "பெட்டி கத்தலடா. கத்துனா ஓடு. இப்ப வேலையப் பாரு," என்று பொன்னுரங்கம் அவனை நிறுத்தினாராம். கிட்டத்தட்ட என் வார்த்தைகள். சொன்னதை ஒழுங்காக மனதில் வைத்துக்கொள்கிற மனிதர் அவர். இரண்டு பேரும் உள்ளேயே கிடந்தார்கள்.

சாவுக்குப் போனேன். பொன்னுரங்கத்தின் மனைவி லோகநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னிக்கே ஓடியாந்து பாத்தீங்களே தம்பி," என்று அழுதார். நன்றியாகத்தான் சொன்னார்.

மறுநாள் அறிவுமதி ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரே பகலில் கோளாறைப் பிடித்துத் திருத்திவிட்டாள். உங்கள் விசாரணையில், "தப்பு என்னுதுதான் சார், கடைசியா நான் பாத்திருக்கணும்," என்று சொல்லியிருக்கிறாள். என் பெயரை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் நான் மறுத்திருப்பேன், அது வேறு விஷயம். அவள் கொடுத்த ராஜினாமாவை முதலாளி வாங்கிக்கொள்ளவில்லை. இப்படி நேர்மையான பெண் யாருக்குக் கிடைப்பாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

போன வாரம் உங்கள் அறிக்கையின் நகல் கம்பெனிக்கு வந்தது. அதில் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர் அறிவுமதி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்ல வந்த தப்பு அதுதான், சார்.

இந்தாருங்கள், பென் டிரைவ். உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுத் தேதியைப் பாருங்கள். அக்டோபர் மூன்று, சாயங்காலம் நாலே முக்கால். பொன்னுரங்கமும் சிங்காரமும் சாவதற்குப் பதினேழு நாள் முன்பே நான் அதைச் சரிசெய்து முடித்துவிட்டேன்.